பெயர் எழுதிக் கூலி கொடுங்கள்: பெங்களூர்த் தமிழ் மேஸ்திரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டட வேலை எடுத்து நடத்தும் தமிழ் மேஸ்திரிமார்களுக்கும், ஆள் கூட்டி வந்து வேலை முடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதியவும், அட்டையைப் புதுப்பிக்கவும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு எழுதிப் போடவும் தொழிலாளர்களுக்கு உதவுவது என் வேலை. அரூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனாராக இந்த ஊருக்கு வந்தவர் என் அப்பா. அவருக்குக் கலவை எடுத்துக் கொடுத்த சித்தாள் என் அம்மா. உங்களில் மூத்தவர்கள் சிலர் அவர்களோடு ஒரே சாரத்தில் நின்றவர்கள். என்னை இன்றும் பாப்பா என்றே கூப்பிடுகிறவர்கள். அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து உங்களிடம் வேலை செய்கிறவர்களை ‘வடக்கன்’ என்றும் ‘பீடாவாயன்’ என்றும் ‘பங்களாதேசி’ என்றும் அழைப்பதை நிறுத்துங்கள். அவர்கள் பெயரை உங்கள் கணக்கு நோட்டில் முழுதாக எழுதுங்கள். இவை இரண்டும் ஒரே கோரிக்கைதான் என்பதை விளக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

மேஸ்திரியின் நோட்டு எப்படி இருக்கும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. நீளவாக்கில் பைண்டு செய்த நோட்டு. இடப்பக்கம் ஆள், எதிரே திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம். முழு நாளுக்கு ஒன்று, அரை நாளுக்கு அரை, ஓவர்டைமுக்குத் தனிக் குறி. சனிக்கிழமை கொடுத்த செலவுக்காசு ஓரத்தில் சிவப்பு மையில். வொயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிச் சைட்டில், வேலைச் சான்று எழுதுவதற்காக அப்படி ஒரு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். நம்மூர் ஆட்களுக்கு ஊரும் உறவும் சேர்த்து வரிவரியாக எழுதியிருந்தது: செங்கத்தார், அவர் தம்பி, ஊத்தங்கரைப் பெரியவர், சின்ன மாமன். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வட-1, வட-2, வட-3 என்று வட-11 வரை போயிற்று. ஒருவர் ஊருக்குப் போய் இன்னொருவர் வந்தால் எண் மாறுவதில்லை. புது ஆள் பழைய எண்ணுக்குள் போய்விடுகிறார். எழுதிய மேஸ்திரி கெட்டவர் அல்லர். ஆட்களுக்குச் சோறு பொங்க அரிசி வாங்கிப் போடுகிறவர், சனிக்கிழமைக் கூலியை இழுத்தடிக்காதவர். “அவங்க பேரு வாயில நுழையலம்மா” என்றார். அதே நோட்டின் பின்பக்கத்தில், தளத்துக்கு நீர்க்கசிவு தடுக்கப் பூசும் ரசாயனத்தின் நீண்ட பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்திருந்தார். அது தப்பினால் பணம் போகும் என்று அவருக்குத் தெரியும். ஆள் பெயர் தப்பினால் யாருடைய பணம் போகிறது என்பதுதான் கேள்வி.

சில மாதம் கழித்து அந்தப் பதினொரு பேரில் ஒருவர் சென்ட்ரிங் பிரிக்கும்போது பலகையோடு கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் பெயர் கேட்டார்கள். கூடப் போன சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் மேஸ்திரிக்கும் தெரியவில்லை. உடன் தங்கியிருந்தவர் வந்து சொல்லும்வரை அனுமதிச் சீட்டில் ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 30’ என்றே இருந்தது. இத்தனைக்கும் அவர் நினைவோடுதான் இருந்தார். வலியில் ஒடியாவில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். தன் பெயரையும் சொல்லியிருக்கக்கூடும், கேட்டுப் புரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. பிறகு நட்ட ஈடு கேட்டபோது மேல் ஒப்பந்தக்காரர், “இந்தப் பெயரில் எங்களிடம் ஆளே கிடையாது” என்றார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். நோட்டு அவர் பக்கம் சாட்சி சொன்னது. வட-6 என்பவர் யார், எந்த ஊர், எந்த மாதம் வேலையில் சேர்ந்தார், எத்தனை நாள் உழைத்தார் என்பதை எந்த அதிகாரியிடமும் எங்களால் நிரூபிக்க முடியவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பிரித்துக் கொடுத்த காசோடு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். தன் பெயரை வெளியில் எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே சட்டங்கள் வந்தன. வேறு மாநிலத்திலிருந்து ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்குக் கொண்டுவருகிற ஒப்பந்தக்காரர், ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் ஒன்று கொடுக்கவேண்டும், அதில் வேலையிடமும் கூலி விகிதமும் ஊர் திரும்பும் செலவும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஒடிசாவில் ‘தாதன்’ என்ற பெயரில் முன்பணம் கொடுத்து ஆட்களை வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோய்க் கசக்கிய முறைக்கு எதிராக எழுந்த கூக்குரலிலிருந்துதான் அந்தச் சட்டமே பிறந்தது. ஐந்து என்ற எண்ணை, பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் பத்தாக உயர்த்தி, சிறிய ஒப்பந்தக்காரர் பலரை வெளியே விட்டுவிட்டது. அது பின்னடைவு என்பதே என் கருத்து. இன்னொரு பக்கம், 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின்படி அமைந்த நல வாரியம் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 விழுக்காடு தீர்வையாக வசூலிக்கப்பட்டு அந்த வாரியத்துக்குப் போகிறது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் அதில் உறுப்பினராகலாம். எந்த மாநிலத்தில் பிறந்தார் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அந்த 90 நாளுக்கான சான்று கடைசியில் உங்கள் நோட்டிலிருந்துதான் வரவேண்டும். அங்கே வட-6 என்று இருந்தால், அவர் சாந்து சுமந்து எழுப்பிய கட்டடத்தின் பெயரால் வசூலான தீர்வையில் அவருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

பேச்சு நாகரிகத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. சைட்டில் எல்லோரும் எல்லோரையும் திட்டுவதுண்டு. வெயிலில் நின்று தளம் போடுகிற நாளில் யார் வாயிலிருந்தும் பூ உதிர்வதில்லை. கோபத்தில் ஒருவரைப் பார்த்துச் சொல்லும் சொல் மறுநாள் காலை டீக்கடையில் ஆறிப்போகும். பெயருக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிட்ட சொல் அப்படி ஆறுவதில்லை. அது நோட்டில் ஏறுகிறது, கூலியில் ஏறுகிறது, விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறுகிறது.

இந்த ஊர் நம்மை என்னவென்று அழைத்தது என்பதை உங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டுப் பட்டாளத்தின் பின்னால் வந்த தமிழர்கள் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியேறினார்கள். பின்னி ஆலையில் தறி ஓட்டினார்கள். கோலார் தங்கவயலில், 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும்வரை, பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ் தலித் தொழிலாளர்கள். அப்புறம் மழை பொய்த்த தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கரண்டியும் மட்டப்பலகையும் தூக்கிக்கொண்டு நாம் வந்தோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருந்தார்கள்: ‘கொங்கா’. என் அப்பாவை அவர் வேலை பார்த்த சைட்டின் எழுத்தர் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா திரும்பிப் பார்ப்பார், ஏனென்றால் அது அவரைத்தான் குறிக்கும் என்று அவருக்குத் தெரியும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளியானதையடுத்து 1991 டிசம்பரில் இந்த நகரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டுதான் கூட்டம் தெருத்தெருவாக வந்தது. பல்லாயிரம் பேர் ஒசூர் எல்லையைத் தாண்டி ஓடினார்கள். பி.டி.எஸ். என்ற அன்றைய நகரப் பேருந்தில் ஏறினால் இறங்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். டிக்கெட் கேட்பதுகூட அப்பாவின் கன்னடம் தெரிந்த நண்பர்தான்.

அந்தக் கலவரத்தில் எரிந்தது யாருடைய வீடு என்று நினைத்துப் பாருங்கள். சொந்த வீடும் அரசு உத்தியோகமும் இருந்த தமிழ்க் குடும்பங்களும் அன்று பயந்துதான் கிடந்தன; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எரிந்தவை பெரும்பாலும் கூலிக்காரர்களின் குடிசைகள். 2016 செப்டம்பரில் மறுபடி காவிரியின் பெயரால் இங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டபோது நடுரோட்டில் நின்றவர்கள் ஓட்டுநர்களும் கிளீனர்களும். அதே நாட்களில் ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டிவந்த ஒருவரை நம்மவர்கள் அடித்தார்கள். ஆற்று நீர் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில் இந்த ஓட்டுநர்கள் எவரும் இருந்ததில்லை.

இன்றும் அதே கதைதான். பாட்னாவிலிருந்தும் புவனேஸ்வரிலிருந்தும் கணினி வேலைக்கு வந்து, நீங்கள் கட்டிய அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருப்பவரும் வடக்கேயிருந்து வந்தவர்தான். குளியலறையில் டைல்ஸ் பெயர்ந்தது என்று அவர் கூப்பிட்டால் நீங்கள் ‘சார்’ என்றுதான் பேசுகிறீர்கள். மொழியை வைத்து அவரோடும் ஆட்டோவிலும் வங்கியிலும் சண்டை நடக்கிறது, அதைப் படம்பிடித்துப் பரப்பவும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சண்டையால் அவருக்கு அந்த மாதச் சம்பளம் குறைவதில்லை. அவருடைய நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் அழிவதும் இல்லை. அதே புவனேஸ்வர் ரயிலில் வந்து கம்பி கட்டுகிறவருக்கு மட்டும் ‘வடக்கன்’ என்பது பெயராகிறது. திசையைச் சொல்வதுபோல் இருந்தாலும், அந்தச் சொல் இந்த ஊரில் கூலிக்காரரை மட்டும் பார்த்துத்தான் விழுகிறது.

மொழி வேறாக இருந்தாலும் ஒன்றாக இருந்தாலும் இது நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களோடு சேர்ந்துபோன ‘கூலி’ என்ற சொல், அங்கே இந்தியர் அனைவருக்குமான இனப்பெயராக மாற்றப்பட்டது. இலங்கை மலையகத்துக்குத் தேயிலை பறிக்கப் போனவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று இழிவாக அழைத்தவர்கள் தமிழர்களே. நம் மொழியில், நம் வாயால். 1948இல் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை இங்கிருந்தவர்கள் ‘சிலோன்காரன்’ என்றார்கள். அந்தத் தோட்டங்களில் கங்காணிகள் செய்த கொடுமை ஊரறிந்தது. ஆனாலும் தோட்டத்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் இருந்தது.  உங்கள் நோட்டில் அதுகூட இல்லை.

நம்மவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள். 1965 போராட்டத்தைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அரசு ஒரு மொழியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் திணிப்பதை எதிர்ப்பது வேறு. அதற்காக உங்கள் சைட்டில் கல் சுமக்கும் ஜார்க்கண்டுப் பெண்ணை ‘இந்திக்காரி’ என்று ஏசுவது வேறு. அவர் வீட்டில் பேசுவது சந்தாலியாக இருக்கலாம், முண்டாரியாக இருக்கலாம். எட்டாம் அட்டவணையில் சந்தாலி இடம்பெறுவதற்கே 2003ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. தன் மொழிக்காக நம்மைப்போலவே போராடிய ஒரு மக்கள்கூட்டத்தை நாமே பிடித்து இந்திக் கணக்கில் சேர்க்கிறோம்.

உங்களில் சிலர் என்னிடம் நேரடியாகச் சொன்ன பதிலுக்கு வருகிறேன். “வடக்கன் வந்துதான் நம்ம ஆளுங்க கூலி ஏறாம போச்சு.” இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு தெருமுனையில் நின்று, பத்து மணிக்கு மேல் வேலை கிடைக்காமல் வீடு திரும்பும் தமிழ்க் கொத்தனார்களை எனக்குத் தெரியும். அவர்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் அந்தக் கூலியை யார் குறைத்தார்கள் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். கட்டுமான நிறுவனம் சதுர அடிக்கு ஒரு விலை பேசி மேல் ஒப்பந்தக்காரரிடம் விடுகிறது. அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு கீழே விடுகிறார். அது உங்கள் கைக்கு வரும்போது, அந்த விலையில் உள்ளூர் ஆளை வைத்து வேலையை முடிக்க முடியாது. உள்ளூர் ஆள் ஆறு மணிக்குக் கரண்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார். பண்டிகைக்கு ஊருக்குப் போவார். கூலி நின்றால் கேள்வி கேட்பார். ஆகவே, சைட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தங்கி, பகல் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, இரவு கான்கிரீட் வண்டி வந்தாலும் எழுந்து வரும் ஆள் தேவைப்படுகிறார். வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர், ஊர் மொழி தெரியாதவர், சங்கம் எது என்று அறியாதவர், போலீஸைக் கண்டால் ஆதார் அட்டையை நீட்டி நடுங்குகிறவர். அவர் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவர் பிறந்த திசை அன்று. அவருக்குப் போக்கிடம் இல்லாததுதான்.

அந்தப் போக்கிடமின்மையை நாள்தோறும் புதுப்பிப்பதுதான் நீங்கள் சொல்லும் சொல். ‘வடக்கன்’ என்று அழைக்கப்படுகிறவர் பக்கத்தில் நிற்கும் தமிழ்க் கொத்தனாரிடம், ‘அண்ணா, உங்களுக்கு எவ்வளவு கூலி’ என்று கேட்கமாட்டார். ‘பங்களாதேசி’ என்று கேலி செய்யப்படுகிற வங்காளத் தொழிலாளி, கூலி பாக்கியைக் கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போகமாட்டார். அவர் கேட்காதவரை அவர் கூலி ஏறாது. அவர் கூலி ஏறாதவரை நம்மவர் கூலியும் ஏறாது. ஆகவே தெருமுனையில் நின்று அந்தச் சொல்லைச் சொல்கிற தமிழ்த் தொழிலாளி தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். அதைச் சொல்லிக்கொடுத்துச் சிரிக்கிற மேஸ்திரி, தன்னையும் பிழிகிற மேல் ஒப்பந்தக்காரருக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்.

ஏச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே மூன்று சம்பவங்கள் உண்டு. 2012 ஆகஸ்டில், அஸ்ஸாம் கலவரத்தையடுத்துக் குறுஞ்செய்திகளில் பரவிய வதந்தியால் வடகிழக்கைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் சில நாட்களுக்குள் பெங்களூரை விட்டு ஓடினார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடவேண்டியிருந்தது. முகத்தை வைத்துத் தினமும் கேலி கேட்டுப் பழகியவர்கள், நாளை அடிப்பார்கள் என்ற வதந்தியை நம்பாமல் என்ன செய்வார்கள்? 2020 ஜனவரியில் பெல்லந்தூர் அருகே கரியம்மன அக்ரஹாரத்தில், குடியிருப்பவர்கள் பங்களாதேசத்தினர் என்ற பேச்சைக் கிளப்பிக் கொட்டகைகளை இடித்துத் தள்ளினார்கள். அங்கே இருந்தவர்களில் அஸ்ஸாம், திரிபுரா, மேற்கு வங்கத் தொழிலாளர்களோடு இதே கர்நாடகத்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்த கன்னடக் குடும்பங்களும் இருந்தன. அந்த இடிப்பு சட்டவிரோதமானது என்று பின்னர் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு மே மாதம், ஊரடங்கில் கூலியில்லாமல் தவித்தவர்கள் ஊர் போகத் துடித்தபோது, கட்டுமான நிறுவனத்தார் முதலமைச்சரைச் சந்தித்ததையடுத்து, புலம்பெயர் தொழிலாளர்களுக்கான ரயில்களை அரசு நிறுத்திவைத்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே மறுபடி விட்டது. ஜனவரியில் ‘எங்கிருந்தோ வந்தவன், போ’ என்று கொட்டகையை இடித்த நகரம், மே மாதத்தில் ‘போகாதே, வேலை நின்றுவிடும்’ என்று ரயிலை நிறுத்தியது.

நம் மாநிலமும் தப்பவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்தது. தமிழக அரசும் காவல்துறையும் அவை பொய் என்று நிறுவின. பொய் பரப்பியவர்கள் குற்றவாளிகள், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. எனினும் திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்த ஒருவர் அந்தப் பொய்யை ஒரு நொடியில் நம்பி ரயிலேறினார் என்றால், அதற்கு முன் டீக்கடையிலும் பஸ்ஸிலும் அவர் காதில் என்ன விழுந்துகொண்டிருந்தது என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். பில் பாஸாக மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். அதுவரை வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கிறீர்கள். வேலை முடிந்தபின் பிடித்து வைத்த தொகை வருமா வராதா என்று தெரியாது. உங்களில் பலரும் பெரியாளாகவும் சித்தாளாகவும் தொடங்கியவர்கள்தான். பலர், ஊரில் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத் தாங்காமல், இங்கே வந்தால் வேலையைச் சொல்லியாவது கூப்பிடுவார்கள் என்று வந்தவர்கள். அப்படி வந்தவர்களிடம்தான் இதைக் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஆள் வேலைக்குச் சேரும் அன்றே அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் அவரையே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தமிழிலோ கன்னடத்திலோ உங்களுக்குத் தெரிந்தபடி எழுதுங்கள். வாரம் எத்தனை நாள், எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சட்டம் உங்களைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கொடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி பேசுங்கள். அதற்கு மேலே கேட்கவேண்டிய சதுர அடி விலையைத் தனித்தனியாகப் போய்க் கெஞ்சாமல், ஒரே பகுதியில் வேலை எடுக்கும் மேஸ்திரிகள் சேர்ந்து கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் ஒடியாக் கம்பி மேஸ்திரிகளையும் வங்காளச் சென்ட்ரிங் மேஸ்திரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் மறுக்கும் விலைக்கு அவர்கள் தலையாட்டும்வரை உங்கள் மறுப்புக்கு மதிப்பு இல்லை. விபத்து நடந்தால், மேல் ஒப்பந்தக்காரர் ‘ஆளே இல்லை’ என்று சொல்லும்போது நீங்கள் வாய்மூடி நிற்காதீர்கள். நம்மவர் யாராவது அந்தப் பழைய சொல்லைச் சொன்னால், அவருடைய மேஸ்திரி என்ற முறையில் அங்கேயே திருத்துங்கள். நீங்கள் ஒருமுறை சொன்னால் கேட்பார்கள், நான் நூறுமுறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

பதிவேடு எழுதவும், வாரிய விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றவும் தெரியாது என்றால் அதற்கு நாங்கள் இருக்கிறோம். ஒடியாவும் இந்தியும் வங்காளமும் தெரிந்தவர்கள் எங்களோடு வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூலிப் பட்டுவாடா முடிந்த பிறகு, நீங்கள் கூப்பிட்ட சைட்டுக்கு வந்து ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதித் தருவோம். காசு வேண்டாம். வொயிட்ஃபீல்டு சைட்டின் மேஸ்திரி அண்ணனுக்கும் இந்த மடலின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன்; அவருடைய நோட்டில் மீதிப் பத்துப் பேர் இன்னும் எண்ணாகத்தான் இருக்கிறார்கள், முதலில் அங்கே வரத் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு கொத்தனாரின் மகள்,
பெங்களூர்